மலை தேய்ப்பதை உத்தரவாதம் ஏற்பதில்லை

சில மாதங்களாக எங்கள் பக்கத்து மரக்கறிக்காரர்களும் லொறிக்காரர்களும் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே வாக்குவாதம் நடக்கிறது: புதிதாக எடுத்த வண்டியைக் கம்பெனி சேர்விஸுக்கே கொடுப்பதா, வழக்கமான மெக்கானிக் பாஸிடம் விட்டு முடிந்ததை நாமே செய்துகொள்வதா? இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில் மீண்டும் திறக்கும்வரை எங்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அந்த ஐந்து வருடமும் பழைய கென்டர், எல்ஃப் லொறிகளைக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடியெடுத்த பாகங்களைப் போட்டு ஓட்டினோம். இப்போது லீசிங்கில் புது வண்டி எடுத்தவர்களின் கையில் உத்தரவாதப் புத்தகம் இருக்கிறது. அதை வாசித்தவர்கள்தான் இல்லை.

நானும் பட்ட பிறகுதான் வாசித்தேன். லொறி வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், கம்பளையிலிருந்து உர மூட்டைகளுடன் இறம்பொடை ஏற்றத்தில் வரும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. கேபினுக்குள் கருகல் வாசனை வந்ததும் கிளச் போய்விட்டது என்று புரிந்தது. உத்தரவாதம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வேறு வண்டியில் கட்டி இழுத்து, விற்ற கம்பெனியிடமே கொண்டுபோய் விட்டேன். நான்கு நாட்கள் வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் கிளச் பிளேட் தேய்மானப் பொருள், அதற்கு உத்தரவாதம் பொருந்தாது என்று புத்தகத்தில் அந்த வரியைக் காட்டினார்கள். வரி இருந்தது உண்மைதான். முதல் நாள் தொலைபேசியிலேயே அதைச் சொல்லியிருந்தால், வெட்டி வைத்த கோவாவை வாடகை லொறியில் ஏற்றிப் பேலியகொடைச் சந்தைக்கு அனுப்பும் செலவாவது எனக்கு மிஞ்சியிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம். லீசிங் தவணை அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் போனது.

அன்றிரவு புத்தகத்தை முழுவதும் வாசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. தயாரிப்பில் உள்ள குறைக்குத்தான் உத்தரவாதம். பாவனையில் தேய்வதற்கு அல்ல. எங்கள் வீதிகளில் முதலில் போவதோ கிளச் பிளேட், பிரேக் லைனர், டயர், வில்தட்டு புஷ் என்று எல்லாமே தேய்பவை. கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு அரைக் கிளச்சில் ஊர்ந்து ஏறும் லொறியும், குருநாகல் பக்கம் சமதரையில் ஓடும் லொறியும் ஒரே கிலோமீற்றர் கணக்கில் சேர்விஸுக்கு வர வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. ஆகவே தேயும் பாகங்களைப் பொறுத்தவரை கம்பெனி அட்டவணையை நம்பி இருப்பவர் மலைநாட்டில் ஏமாந்துதான் போவார்.

இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நாமே கழற்றலாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு என் மச்சானின் கதையைச் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத டிரக்டர் அந்த உயரத்தில் இழுவை குறைந்து, கொஞ்சம் கரும்புகை கக்குவது அதன் இயல்பு. மச்சான் அதைப் பம்பின் கோளாறு என்று நினைத்து, யாரோ சொன்னதைக் கேட்டு, டீசல் பம்பின் முத்திரைக் கம்பியை வெட்டி ஸ்குரூவைத் திருப்பினார். இழுவை வரவில்லை, புகைதான் கூடியது. உத்தரவாதமும் அத்தோடு போனது. இத்தனைக்கும் அவருடையது பழைய பாணிப் பம்ப். இப்போதைய லொறிகளில் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் கொமன் ரெயில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டுகிறது. லொறி டயருக்குள் இருப்பதோ சுமார் 7 பார்தான். அந்தக் குழாயைக் கொட்டகையில் ஸ்பெனர் வைத்துத் தளர்த்துவது வீரம் அல்ல. பம்ப், இன்ஜெக்டர், கியர்பொக்ஸின் உட்புறம், கணினிப் பெட்டி ஆகியவற்றை உத்தரவாதக் காலம் முடியும்வரை நான் தொடுவதே இல்லை.

டிரக்டரின் முதல் 50 மணிநேர சேர்விஸையும் தவறவிடக் கூடாது. என்னுடையதற்குச் செய்தபோது பக்கத்திலேயே நின்றேன். காந்தம் வைத்த வடிகால் ஆணியைப் பையன் கழற்றிக் காட்டியபோது, அதன் நுனியில் சாம்பல் நிறப் பசையாக இரும்புத்தூள் அப்பியிருந்தது. புதுப் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது அது வருவது வழக்கம். பசையாக இல்லாமல் சில்லுச் சில்லாக வந்திருந்தால் அது கம்பெனியின் தலைவலி; அதை அவர்களின் கண் முன்னே பார்ப்பதற்காகவே அந்தக் காசைக் கொடுக்கலாம்.

பிரேக் மட்டும் முதல் நாளிலிருந்தே என் பொறுப்பு. சிறிய லொறிகளிலும் பட்டா எனும் குட்டி லொறிகளிலும் இருக்கும் பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் நிற்கும் வண்டி, லீக்ஸும் கரட்டும் ஏற்றி இறக்கத்தில் இறங்கும்போது ஒயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் அமிழும். ஆகவே புத்தகம் சொல்லும் நாளுக்கு முன்பே அதை மாற்றிவிடுகிறேன். லைனரின் தடிப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். நாம் செய்யும் வேலையால் உத்தரவாதம் கெடாமலிருக்க, புத்தகம் கேட்கும் தரத்து ஒயிலையே வாங்கி, பற்றுச்சீட்டையும் திகதியையும் மீற்றர் அளவையும் ஒரு கொப்பியில் ஒட்டி வைக்கிறேன். பாஸும் அதில் கையெழுத்திடுவார்; முதலில் சிரித்தார், இப்போது அவரே கேட்டு வாங்குகிறார்.

தன் வண்டியைத் தானே திருத்தும் உரிமை எங்களுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் திருத்தும் மென்பொருளை விவசாயிகளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாக ஜோன் டியர் டிரக்டர் கம்பெனி மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவே 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. அவ்வளவு பெரிய பண்ணைக்காரர்களுக்கே அந்த நிலை என்றால், இரண்டு ஏக்கர் உருளைக்கிழங்கு போடுபவர் வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது: வண்டி நின்றால் மலைக்கு ஆள் வருவாரா, பாகம் எத்தனை நாளில் வரும், தேய்மானப் பட்டியலில் எவையெவை இருக்கின்றன? டிரக்டர் வாங்கும்போது நான் மூன்று இடங்களில் இதைக் கேட்டேன். இரண்டு இடங்களில் நிறங்கள் போட்ட துண்டுப்பிரசுரத்தை நீட்டினார்கள். மூன்றாம் இடத்தில் இருந்தவர் மெக்கானிக்கையே கூப்பிட்டு, வெலிமடைப் பக்கம் என்ன கிழமைகளில் வருவார் என்று சொல்ல வைத்தார். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தும் அங்கேயே வாங்கினேன்.