துவக்கு இருக்கிறது, தோட்டா எங்கே?

என் அண்ணன், பெரியப்பா மகன், முகநூலில் போட்ட படத்தையும், அதன் கீழ் இரண்டு நாட்களாக நடந்த கூத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலங்கை மலையகத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, காட்டுப்பன்றிகளோடு போராடும் அவர், துவக்குக்கான உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்து, "பன்னிரண்டு போர் தோட்டா எங்காவது கிடைக்குமா?" என்று ஒரே ஒரு வரி கேட்டார். (போர் என்றால் சண்டையல்ல, குழலின் அளவு.) அதற்குச் சிரிப்புக் குறிகள், வேட்டைக்காரன் என்ற பட்டம், கடைசியில் "தோட்டக்காட்டானுக்கு எதற்குத் துவக்கு?" என்ற கேள்வி. தோட்டத் தொழிலாளர் வழிவந்த எங்களை இழிவாக அழைக்கும் சொல் அது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் தமிழர், படித்தவர். அவருடைய தட்டில் விழும் உருளைக்கிழங்கு எங்கே விளைகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது போலும்.

உரிமம் பெற்ற விவசாயி தோட்டா கேட்பது குற்றமல்ல. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்து, கிராம சேவகரிடமும் பொலிஸிலும் கைகட்டி நின்று வைத்திருக்கும் துவக்கு அது. தோட்டா இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். பன்றி அதைப் பார்த்துப் பயப்படாது.

சென்ற மாதம் ஒரு பெட்டி கேட்ட அண்ணனுக்கு ஐந்து தோட்டாக்கள் கொடுத்தார்கள், அதுவும் சிறுகுண்டு. பெரிய ஆண்பன்றியைச் சிறுகுண்டால் சுட்டால் அது சாகாது. காயத்தோடு புதருக்குள் போய் நாட்கணக்கில் வேதனைப்படும், அல்லது மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் மீது பாயும். பன்றிக்கு எஸ்.ஜி. என்னும் பெரிய குண்டுத் தோட்டா வேண்டும் என்று கேட்பது கொலைவெறி அல்ல, விலங்கை வதைக்காமல் முடிக்க வேண்டும் என்ற கவலை. இதைச் சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

உள்பெட்டியில் ஒரு தம்பி, இரட்டைக்குழல் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். முதலில் எந்தத் தோட்டா கிடைக்கிறது என்று பாருங்கள் தம்பி, துவக்கை அதற்குப் பிறகு தேடுங்கள். என் அப்பாவின் துவக்கு பதினாறு போர், நல்ல பழைய ஆங்கிலேயத் துவக்கு. போர்க்காலத்தில் பொலிஸில் ஒப்படைத்தார். ஆண்டுகள் கழித்துத் துருவேறித் திரும்பி வந்தபோது அதற்குத் தோட்டாவே கிடைக்கவில்லை. அதை எண்ணெய் போட்டுத் துடைப்பதை மட்டும் அவர் கடைசிவரை நிறுத்தவில்லை. ஆகவே பன்னிரண்டு போர் ஒற்றைக்குழலே போதும். பழையது என்றால், தோட்டா அமரும் அறை 65 மில்லிமீற்றரா 70 மில்லிமீற்றரா என்று தெரிந்தவரிடம் காட்டி அளந்துகொள்ளுங்கள். 70 மில்லிமீற்றர்த் தோட்டா குறுகிய அறைக்குள் போய்விடும், ஆனால் வெடித்து வாய் விரிய இடமிராது. தட்டுப்பாடு என்பதற்காக இருபது போர்த் தோட்டாவைப் பன்னிரண்டு போருக்குள் போட்டுப் பார்க்காதீர்கள். அது வழுக்கிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். இருபது போருக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதனால்தான். நம் பக்கத்து ஈரத்தில் காகித உறைத் தோட்டா ஊதிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, அந்தப் படத்தின் கீழ் எழுதிய விலங்குநேயர்களிடம் வருகிறேன். காட்டை அழித்தது யார் என்று கேட்கிறீர்கள். வெள்ளைக்காரத் துரைமார் அழித்தார்கள். வெட்டிய கைகள் எங்களுடையவை, நிலம் எங்களுடையதாக இருக்கவில்லை. இன்று அண்ணனுக்கு இருப்பது நாற்பது பேர்ச்சஸ், அதாவது கால் ஏக்கர். மின்வேலி போடலாமே என்கிறார் ஒருவர். போட்டுத் தாருங்களேன். துவக்குகள் பாதாள உலகத்தின் கைக்குப் போகின்றன என்பது மட்டும் நியாயமான அச்சம், மறுக்கமாட்டேன். ஆனால் ஐந்து தோட்டாவுக்குக் கையெழுத்துப் போடும் விவசாயியிடமிருந்தா போகின்றன?

நீங்கள் கேட்க விரும்பாத ஒன்று இருக்கிறது. தோட்டா கிடைக்காத இடத்தில் கம்பிச் சுருக்கு வரும், விலங்கு தட்டியதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வரும். 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, மூன்று நாட்களில் உடவளவையில் இறந்தது. அன்று இந்த முகநூலே அழுதது, நானும் அழுதேன். சுருக்குக்கு உரிமமும் இல்லை, கண்ணும் இல்லை. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை விழும், நாய் விழும், விறகு பொறுக்கப் போகும் பிள்ளையின் காலும் விழும். துவக்கைப் பிடித்திருப்பவன் சுடாமல் இருக்கவாவது முடியும்.

2022 இல் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. 2025 மார்ச் 15 அன்று ஐந்தே நிமிடத்தில் குரங்கையும் மயிலையும் எண்ண அரசாங்கம் சொன்னபோது, நாங்களும் தாளும் பேனையுமாக நின்றோம். எண்ண மட்டும் நாங்கள் வேண்டும். தோட்டா கேட்டால் தோட்டக்காட்டான். அந்தச் சொல்லை என் அப்பா, காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கேட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதே சொல்லை என் அண்ணனுக்குத் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள்.

அண்ணன் நேற்றிரவு அந்தப் படத்தை நீக்கிவிட்டார். விடியும்போது இரண்டு பாத்தி உருளைக்கிழங்கைப் பன்றிகள் உழுதுவிட்டுப் போயிருந்தன. அவரிடம் இன்னும் மூன்று தோட்டாக்கள் இருக்கின்றன, மூன்றும் சிறுகுண்டு.