புது மண்டபம் வெள்ளைக்காரர் கட்டிய கடைத்தெருவா?

மதுரை புது மண்டபம் தையற்கடைகளுக்காக ஆங்கிலேயர் எழுப்பிய வணிக வளாகம், பெயரிலேயே ‘புது’ இருக்கிறதே என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மீனாட்சியம்மன் கோயில் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல் மண்டபம் இது. வசந்த மண்டபம் என்பதே அதன் வேலையைச் சொல்லும் பெயர். கோயிலின் பழைய மண்டபங்களை நோக்கத்தான் இது புதுசு. நம் கணக்கில் இல்லை.

தையல் மெஷின், பாத்திரம், புத்தகக் கடைகள் எல்லாம் தூண்களுக்கு நடுவே பிறகு வந்து ஒட்டியவை. சந்தேகம் இருந்தால் நடு வரிசைத் தூண்களைப் பாருங்கள்: விசுவநாதர் தொடங்கித் திருமலை வரை நாயக்க மன்னர்கள், கும்பிட்ட கையோடு ஆளுயரச் சிலைகளாக நிற்கிறார்கள். கடை வாடகைக்குக் கட்டியவர் தூணுக்குத் தூண் இவ்வளவு உளி வேலை செய்திருப்பாரா? கிழக்கே முடியாமல் நிற்கும் ராய கோபுரமும் அதே மன்னர் தொடங்கியதுதான்.