ஃபோர் வீல் டிரைவ் இருந்தா கண்மாய் நிறைஞ்சு கலுங்குல வழியுற தண்ணியில இறங்கலாமா? வேணாங்க!

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வாட்ஸப்புல ஒரு மெசேஜ் சுத்துது, "ஃபோர் வீல் டிரைவ் உள்ள பெரிய எஸ்யூவி எடுத்தா கண்மாய் நிறைஞ்சு தரைப்பாலத்துல தண்ணி ஓடுனாலும் குடும்பத்தோட தாராளமா கடக்கலாம்"னு. இது தப்புங்க.

ஃபோர் வீல் டிரைவ்ங்கிறது நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுக்குறது, அவ்வளவுதான். சேறு, மணல், மழையில ஊறுன செம்மண்ணு இதுக்கெல்லாம் நல்லா உதவும், கேம்பிங் போறவங்களுக்கு அது வேணும்தான். ஆனா தண்ணி ஆழத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதுக்கு வேடிங் டெப்த்னு, அதாவது வண்டி எவ்வளவு ஆழத் தண்ணி வரைக்கும் இறங்கலாம்னு தனியா ஒரு அளவு இருக்கு, மஹிந்திரா தார் வண்டிக்கு 650 மி.மீ, லேண்ட் ரோவர் டிஃபெண்டர்ல வண்டிய உயர்த்துற ஏர் சஸ்பென்ஷன் இருந்தா 900 மி.மீ. அதுவும் ஓடாத தண்ணியில மெதுவா போனாத்தான். காத்து போற வழியா இன்ஜினுக்குள்ள தண்ணி புகுந்துச்சுன்னா, தண்ணிய அமுக்க முடியாதுல்ல, உள்ள பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடே வளைஞ்சிரும்.

ஓடுற தண்ணி இன்னும் மோசம். ரெண்டடி ஆழத்துக்கு வேகமா ஓடுனாலே பெரும்பாலான எஸ்யூவிய தள்ளிட்டுப் போயிரும், டயர் மிதக்க ஆரம்பிச்சா பிடிக்க தரை ஏது? அடியில ரோடு அரிச்சுப் போயிருந்தாலும் மேல இருந்து பாத்தா தெரியாது. பின் சீட்டுல ஆத்தா, பிள்ளைக எல்லாம் இருக்காங்க, தயவுசெஞ்சு சுத்து வழியா போங்க, அந்த மெசேஜ அனுப்புனவங்களுக்கும் இத அனுப்புங்க.