பைத்தியத்துக்குள்ளே இருக்கும் பித்தம்

வெறும் வயிற்றில் ரெண்டு காபி குடித்துவிட்டுத் தலை கிறுகிறுக்குது என்று உட்கார்ந்தால் அம்மா இப்பவும் சொல்வது, "பித்தம் ஏறிப்போச்சு, இஞ்சியைத் தட்டிச் சாறு குடி." டிவி சீரியல் வில்லியைப் பார்த்துத் திட்டும்போது அதே அம்மா, "இவளுக்கு என்ன பைத்தியமா?" இரண்டும் ஒரே வீட்டுச் சொற்கள் என்று எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

பித்தம் வடமொழியிலிருந்து வந்தது, பைத்தியம் அதிலிருந்து பிறந்தது. பித்தத்தால் வந்த கோளாறு, அவ்வளவுதான் பொருள். வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு இருக்கணும், பித்தம் மிஞ்சினால் சூடு தலைக்கேறிப் புத்தி தடுமாறும் என்பது அன்றைய வைத்தியக் கணக்கு. கிரேக்கர்களும் தீராத மனச்சோர்வுக்கு 'மெலன்கோலியா' என்றுதான் பெயர் வைத்தார்கள், அதாவது கரும்பித்தம். பழைய சினிமாவில் பைத்தியம் தெளிய உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பார்களே, சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன், அதற்கும் பித்தத்தைத் தணிக்கிற கணக்குதான் காரணம். (பலிக்குமா என்று கேட்காதீர்கள், பலிக்காது.)

அதற்காக அந்தக் காலத்தில் இது வெறும் மருத்துவச் சொல், நாம்தான் கெடுத்துவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. கல்யாணப் பந்தலில் ஓலையோடு வந்து "நீ எனக்கு அடிமை" என்ற கிழவரை சுந்தரர் பித்தன் என்று திட்டினார் என்றுதான் பெரிய புராணம் சொல்கிறது. வந்தவர் சிவன், திட்டிய சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னார், "பித்தா பிறைசூடி" வந்தது. திட்டு அப்பவும் திட்டுதான்.

அதனால்தான், பைத்தியம் என்று சொல்லாதீர்கள், வேறு சொல் சொல்லுங்கள் என்று யாராவது வகுப்பெடுக்கும்போது எனக்குப் பாதி மனசோடுதான் தலையாட்ட முடிகிறது. 'மென்டல்' என்பது மனம் சார்ந்தது என்ற சாதாரண ஆங்கிலச் சொல், நம்ம தெருவுக்கு வந்து என்ன ஆச்சு? சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை பிற்பாடு கீழ்ப்பாக்கத்துக்குப் போனது, அந்த ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. சொல்லை எத்தனை தடவை மாற்றினாலும் புதுச் சொல்லும் நாலு வருஷத்தில் அழுக்காகிவிடும், பயம் சொல்லில் இல்லையே.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் சுகர் மாத்திரையைச் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடி பக்கத்திலேயே வைத்திருப்பார். தூக்கம் வராமல் மனநல மருத்துவரிடம் போய் வாங்கி வந்த இன்னொரு மாத்திரை மட்டும் பீரோவில், பழைய பட்டு வேட்டிக்கு அடியில் இருக்கிறது.