செயின்ட் லூயிஸில் ஆற்றுக்குப் பயந்து, சைரனை நம்பி...

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸுக்கு வேலை மாறிப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "மிசிசிப்பி பக்கத்துலயே ஓடுதே, வெள்ளம் வருமா?" என்றுதான். வரும். ஆனால் அந்த ஊரில் இருப்பதிலேயே நாணயமான ஆபத்து மிசிசிப்பிதான். ஆற்றின் மேல்பக்கம் அயோவா மாநிலத்தில் பெய்த மழை இறங்கி வர நாள்கணக்காகும். எந்தத் தேதியில் எத்தனை அடி ஏறும் என்று வானிலைத் துறை முன்னாலேயே சொல்லிவிடும். 30 அடியைத் தொட்டால் வெள்ளம். 1993 ஆகஸ்ட் 1 அன்று 49.58 அடிக்கு ஏறியது. நகர மையத்தின் தடுப்புச்சுவர் 52 அடிக்குக் கட்டியது. (இந்த அடிக்கணக்கு ஆற்றின் ஆழம் இல்லை, அளவுகோலின் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவது.)

சொல்லாமல் வருவது காற்றும் தெருத்தண்ணீரும்.

வடக்கே கனடா, தெற்கே மெக்சிகோ வளைகுடா, நடுவே குறுக்காக ஒரு மலை கிடையாது. ஈரக்காற்றும் குளிர்காற்றும் தடையில்லாமல் வந்து மோதிக்கொள்ளும். அப்படிப் பிறக்கும் டொர்னாடோ என்ற சுழல்காற்றை நதி திருப்பிவிடும் என்று உள்ளூரிலேயே சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1896 மே 27 அன்று வந்தது ஆற்றைத் தாண்டி அக்கரையில் உள்ள ஈஸ்ட் செயின்ட் லூயிஸையும் அடித்தது. குறைந்தது 255 பேர் இறந்தார்கள். சீசன் முடிந்துவிட்டது என்ற நினைப்பும் வேண்டாம். ஆற்றுக்கு அந்தப்பக்கம் எட்வர்ட்ஸ்வில்லில் டொர்னாடோவில் கிடங்கு இடிந்து ஆறு பேர் செத்தது 2021 டிசம்பர் 10, இரவில்.

அடுத்தது, ஊரை எச்சரிக்க ஊதும் சைரன். 2025 மே 16 பட்டப்பகலில் ஈ.எஃப்.3 (0 முதல் 5 வரையான வலிமை அளவில் 3) டொர்னாடோ நகரின் வடபகுதியைக் கிழித்துக்கொண்டு போனபோது நகரச் சைரன்கள் ஊதவே இல்லை. நிர்வாகத்தைத் திட்டுவது நியாயம்தான். ஆனால் ஊதியிருந்தாலும், சைரன் வெளியில் நிற்பவர்களுக்கானது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குகிறவருக்குக் கேட்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

வாங்க வேண்டியது வெதர் ரேடியோ, அதாவது வானிலை எச்சரிக்கை வந்ததும் தானாக ஒலிக்கும் வானொலி. மாவட்டக் (கவுன்டி) குறியீடு போடும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மாவட்டங்களின் எச்சரிக்கைக்கெல்லாம் அலறும், வெறுத்துப்போய் அணைத்துவிடுவீர்கள். அலைவரிசை 162.550 மெகாஹெர்ட்ஸ். குறியீட்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரமும் செயின்ட் லூயிஸ் கவுன்டியும் 1870களிலேயே பிரிந்த தனித்தனி நிர்வாகங்கள். நகரத்துக்கு 029510, கவுன்டிக்கு 029189. தபால் முகவரியில் செயின்ட் லூயிஸ் என்று இருந்தாலும் வீடு கவுன்டியில் இருக்கலாம். பால்வின், செஸ்டர்ஃபீல்ட் எல்லாம் கவுன்டிதான். பேட்டரியும் போட்டுப் படுக்கையறையில் வையுங்கள். மின்சாரம் போகும் நேரத்தில்தான் அது தேவைப்படும்.

எச்சரிக்கையில் 'டொர்னாடோ வாட்ச்' என்றால் வரக்கூடிய சூழல். ஷூவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'வார்னிங்' என்றால் உடனே பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலத்தடித் தளம். தென்மேற்கு மூலைதான் பத்திரம் என்பது பழைய கதை. கனமான மேசைக்கு அடியிலோ படிக்கட்டுக்குக் கீழேயோ போங்கள். மேல்தளத்தில் ஃபிரிட்ஜ் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம். தலைக்கு சைக்கிள் ஹெல்மெட் போதும். பேஸ்மென்ட் இல்லாத அபார்ட்மென்டில், கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத குளியலறை. பழைய சிவப்புச் செங்கல் வீடுகளின் கனத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே கம்பி கிடையாது, சுண்ணாம்புக் கலவைதான்; பலத்த காற்றில் வெளிச்சுவர் அப்படியே உரிந்து விழும்.

தண்ணீருக்கு வருவோம். 2022 ஜூலை 26 அன்று விமான நிலையத்தில் 8.64 அங்குலம், கிட்டத்தட்ட 220 மி.மீ., கொட்டியது. 1915இன் ஒருநாள் சாதனை 6.85தான். அன்று மூழ்கிய பல தெருக்களுக்கும் மிசிசிப்பிக்கும் சம்பந்தமில்லை. ஓரடி ஓடும் தண்ணீர் பெரும்பாலான கார்களை மிதக்க வைத்துவிடும்.

பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. குழாய் நிரம்பினால் பேஸ்மென்ட் தரையின் வடிகால் துளை வழியாகச் சாக்கடை மேலே ஏறும். அங்கே அட்டைப்பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். சொந்த வீடென்றால் பிளம்பரிடம் கேட்டு, நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போடலாம். வால்வு மூடியிருக்கும்போது வாஷிங் மெஷினை ஓட்டினால் உங்கள் தண்ணீரே வெளியேற வழியின்றி வீட்டுக்குள் வரும். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. சாக்கடை ஏறுவதற்குக் கூடுதல் கட்டணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். கூட்டரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், மழை அறிவிப்பைக் கேட்டுவிட்டு வாங்கிப் பயனில்லை.