கோழிக் கொட்டகையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

இயற்கைப் பாதுகாப்பைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய 'நில அறம்' கட்டுரையில்தான் ஆரம்பிப்பார்கள். நான் கோழிக் கொட்டகையில் ஆரம்பிக்கிறேன்.

1935. அமெரிக்காவில், விஸ்கான்சின் ஆற்றை ஒட்டி 80 ஏக்கர் வாங்கினார். உழுது உழுது சத்தெல்லாம் போன மணல் பூமி. முன்பு இருந்தவர்களின் வீடு எரிந்துபோய், மிச்சம் நின்றது ஒரு கோழிக் கொட்டகை. அதற்குள்ளும் எருக் குவியல். பேராசிரியரும் மனைவி எஸ்டெல்லாவும் ஐந்து பிள்ளைகளுமாக அதை வாரிக் கொட்டிவிட்டு, சனி ஞாயிறுகளில் அங்கேயே தங்கினார்கள். அடுத்த வசந்தத்தில் பைன் கன்றுகளை நட்டார்கள். 1936-ஆம் ஆண்டு வறட்சியில் பெரும்பாலானவை கருகின. மறு வருஷம் திரும்ப நட்டார்கள். அப்புறம் அடுத்த வருஷமும். இப்படியே பல்லாயிரம் கன்றுகள்.

மண், நீர், செடி, விலங்கு எல்லாம் ஒரே சமூகம், மனிதன் அதில் ஓர் உறுப்பினன், எசமான் இல்லை என்று 'நில அறம்' கட்டுரையில் அவர் எழுதியதை நான் நம்புவதற்குக் காரணம் இந்தக் கருகிய கன்றுகள்தான். அந்தக் கட்டுரையின் ஒரு வரியை மட்டும் பிய்த்துப் படத்தில் போட்டுப் பகிரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் எத்தனை வருஷ மண்வெட்டி வேலை!

இன்னொன்று, அவர் மனம் மாறிய விதம். 1909-இல், அரிசோனாவில் இளம் வன அலுவலராக இருந்தபோது ஒரு பெண் ஓநாயைச் சுட்டார். அதன் கண்ணில் இருந்த பச்சை நெருப்பு அணைவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தார். சரி, அன்றே திருந்திவிட்டாரா? இல்லை. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டைக்கு நல்லது என்ற எண்ணத்தில் பல வருஷம் ஓநாய் ஒழிப்பை ஆதரித்தார். மான் பெருகி மலைச்சரிவுகளின் பச்சையை மேய்ந்து தீர்த்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தன் தவறை 1944-இல், 35 வருஷம் கழித்து, மறைக்காமல் எழுதினார். இவ்வளவு நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை.

1948 ஏப்ரலில் பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பிடித்தது. அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். அவருடைய 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' என்ற புத்தகம் மறு வருஷம்தான் வெளிவந்தது.

அந்தக் கொட்டகையில் அவர் எழுதிவைத்த நோட்டுகளும் இருக்கின்றன. வாத்துகள் என்றைக்கு வந்தன, எந்தப் பூ எந்தத் தேதியில் முதலில் விரிந்தது என்ற குறிப்புகள். புவி வெப்பமாதல் என்ற பேச்சே அன்று மக்களிடம் கிடையாது. மகள் நீனா 1976-இலிருந்து அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்தார். 1999-இல் இரண்டையும் ஒப்பிட்டு அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல பூக்களும் பறவைகளும் முன்பைவிடச் சீக்கிரமே வருகின்றன, வசந்தம் முந்துகிறது என்று அதில் காட்டினார்கள். அதற்குப் பிறகும் நீனா எழுதிக்கொண்டுதான் இருந்தார், அப்பா பார்த்த அதே பூக்களை, அதே நிலத்தில்.