எகிப்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது

“முஸ்லிம் நாடுகளில் பெண்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே ஐரோப்பியர் ஆண்ட பிறகுதான், க்ரோமர் ஆண்ட எகிப்தே சாட்சி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். க்ரோமர் என்பவர் எகிப்தை நடைமுறையில் ஆண்ட ஆங்கிலேயப் பிரதிநிதி. சாட்சியே பிறழ்கிறது.

ஆங்கிலேயப் படை எகிப்தில் கால்வைத்தது 1882இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1832இல், எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் அரசு பெண்களுக்கு மருத்துவச்சிப் பள்ளி நடத்தியது. மகளை அனுப்பக் குடும்பங்கள் தயங்கியதால் முதலில் அபிசீனிய (எத்தியோப்பிய) அடிமைப் பெண்களை வாங்கிச் சேர்த்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1873இல் எகிப்தின் கெதிவ் (ஆட்சியாளர்) இஸ்மாயிலின் மனைவியருள் ஒருவர் ஆதரவில் கெய்ரோவில் சியூஃபிய்யா பெண்கள் பள்ளி திறந்தது. கிறித்தவ மிஷன் பள்ளிகளும் அப்போது இருந்தன. அவையும் ஆங்கிலேய ஆட்சிக்கு முந்தியவைதான்.

க்ரோமர் செய்தது என்ன? அரசுப் பள்ளிகளில் கட்டணத்தை ஏற்றினார். ஊர் திரும்பியதும் இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்ற ஆண்கள் சங்கத்துக்குத் தலைவரானார். பெண் விடுதலைக்கு இப்படியும் ஒரு காவலர்!

எகிப்தியப் பெண் நபவிய்யா மூசாவின் கதை இன்னும் தெளிவு. ஆசிரியையான அவருக்குச் சம்பளம் 6 பவுண்டு; அதே வேலைக்கு ஆணுக்கு 12. ஏன் என்று கேட்டார். ஆண்கள் உயர்நிலைச் சான்றிதழ் பெற்றவர்கள் என்று பதில் வந்தது. அந்தத் தேர்வுக்குப் பெண்களை ஆயத்தப்படுத்தும் பள்ளியே கிடையாது. வீட்டிலிருந்தே படித்து, கல்வித் துறையின் ஆங்கிலேய ஆலோசகர் டன்லப்பின் எதிர்ப்பை மீறி எழுதி, 1907இல் தேறினார். 1922 வரை இன்னொரு எகிப்தியப் பெண் அத்தேர்வை எழுதவில்லை.

தொடக்கக் கல்வி சிறுமியருக்கும் கட்டாயம் என்று எழுதிவைத்தது 1923ஆம் ஆண்டின் எகிப்திய அரசியல் சட்டம்.